லினக்ஸ் கேள்வி பதில்: நல்லதண்ணிக் குடத்தில் கை வைக்காதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே கரையிலிருந்து வந்தவை. பாம்பன், கீழக்கரை, மண்டபம், தொண்டி, மூக்கையூர். ஊர்தான் வேறு, புகார் ஒன்றுதான்: புதிதாக ஏதோ ஒன்றைப் போட்டேன், ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. ராமநாதபுரம் கடற்கரையில் வளர்ந்தவன் என்பதால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றையே எடுத்துக்கொண்டேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம், கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

அண்ணே, எனக்குப் பாம்பன். கல்லூரியில் கடைசி வருடம். காற்று வேகம், அலை உயரம் எல்லாம் எடுத்து வரைபடம் போடும் புராஜெக்ட் செய்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு 22.04 லினக்ஸ். அதோடு வந்தது பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.10 பதிப்பு. எனக்கு வேண்டிய லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) அதைவிடப் புதிய பைத்தானைக் கேட்டது. ஒரு வீடியோவைப் பார்த்து 3.12-ஐப் போட்டு, ‘அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ கொடுத்து, பைத்தான்3 என்றால் இனி 3.12 என்று மாற்றிவிட்டேன். மறுநாள் டெர்மினல் திறக்கவே இல்லை. வேறு வழியில் உள்ளே போய் ‘ஏபிடி அப்டேட்’ கொடுத்தால் ‘ஏபிடி_பிகேஜி’ என்ற மாட்யூல் இல்லை என்று கடைசியில் பிழை வருகிறது. தடைக்காலம், அப்பாவின் போட் கரையில் கிடக்கிறது, கடையில் கொடுக்கக் காசு இல்லை. ஃபார்மட் செய்துவிடவா?

வேண்டாம் தம்பி. உங்கள் ஃபைல் ஒன்றுகூடப் போகவில்லை, பத்து நிமிட வேலைதான்.

என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம். உபுண்டுவில் பைத்தான் உங்களுக்காக மட்டும் வைக்கப்பட்டதில்லை. கணினியே தன் வேலைக்கு அதைப் பயன்படுத்துகிறது. நீங்கள் டெர்மினல் ஐகானை அழுத்தும்போது முதலில் ஓடுவது ஒரு சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட். அதன் முதல் வரியிலேயே ‘/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ என்று எழுதியிருக்கும். அந்த ஸ்கிரிப்டுக்கு ‘ஜிஐ’ என்ற மாட்யூல் தேவை. அந்த மாட்யூலின் உள்பாகம் 3.10-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டது, 3.12-க்கு அது பொருந்தாது. மென்பொருள் பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் உதவுகிற ‘ஏபிடி’யின் விஷயமும் இதேதான். ஏபிடி என்னவோ சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியதுதான், ஆனால் அப்டேட் முடிந்த கையோடு அது இன்னொரு சின்ன உதவியாளைக் கூப்பிடும். தப்பான கட்டளை அடித்தால் ‘இந்தப் பேக்கேஜில் இருக்கிறது, போட்டுக்கொள்’ என்று ஆலோசனை சொல்கிறதே, அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கிற ஆள். அது பைத்தான். 3.12-இடம் போய் ‘ஏபிடி_பிகேஜி’யைக் கேட்கிறது, கிடைக்கவில்லை. அதனால்தான் பிழை முதலில் வராமல் கடைசியில் வருகிறது.

நம் கரையில் வீட்டுக்கு வீடு நல்லதண்ணிக் குடம் தனியாக மூடி இருக்கும். பாத்திரம் கழுவ, துணி அலச, புழங்க எல்லாம் உப்புத்தண்ணி வேறு குடத்தில். விருந்தாளியே வந்தாலும் நல்லதண்ணிக் குடத்தில் நேராகக் கைவிட மாட்டார், வீட்டுக்காரம்மா செம்பில் மொண்டு கொடுப்பார். ‘/யூஎஸ்ஆர்/பின்’ என்ற ஃபோல்டரை அந்தக் குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மொண்டு ஊற்றும் உரிமை ஏபிடி ஒன்றுக்குத்தான்.

இனி வேலைக்கு வருவோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போங்கள். கட்டளைக்கு முன்னால் ‘சுடோ’ என்று வந்தால் நிர்வாகி உரிமையோடு ஓடு என்று பொருள். அங்கே ‘சுடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3’ என்று அடித்தால் நீங்கள் போட்ட மாற்றம் கழன்றுவிடும். அதோடு பைத்தான்3 என்ற பெயரே காணாமல் போகும், பயப்படாதீர்கள். அடுத்த வரியில் ‘சுடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ என்று கொடுங்கள், பழைய இணைப்பு திரும்ப வந்துவிடும். ‘எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ என்று பாருங்கள், அம்புக்குறி 3.10-ஐக் காட்ட வேண்டும். காட்டினால் ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் பைத்தான்3-மினிமல்’ என்று ஒரு தடவை ஓடவிடுங்கள், அந்த இணைப்புக்குச் சொந்தக்காரப் பேக்கேஜ் அதுதான். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அல்லது எஃப்1 அழுத்தினால் உங்கள் பழைய திரை வரும். டெர்மினல் திறக்கும்.

இந்த மாதிரி வீடியோக்களுக்குக் கீழே யாராவது ஒருவர் ‘பழைய பைத்தானை நீக்கிவிடு, குழப்பமே இருக்காது’ என்று எழுதியிருப்பார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். 3.10-ஐ நீக்கச் சொன்னால் அதை நம்பி நிற்கிற டெஸ்க்டாப், அப்டேட் கருவி, இன்னும் என்னென்னவோ நூறு பேக்கேஜ்களைச் சேர்த்து நீக்கட்டுமா என்று ஏபிடி கேட்கும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்தியவர்கள்தான் உண்மையில் ஃபார்மட் செய்ய வேண்டிய நிலைக்குப் போகிறார்கள்.

சரி, உங்கள் 3.12 என்ன ஆவது? அது அப்படியே இருக்கட்டும். ஒரே கணினியில் இரண்டு பைத்தான் இருப்பதில் எந்தத் தகராறும் இல்லை, இரண்டும் ஒரே பெயருக்கு அடித்துக்கொள்வதில்தான் தகராறு. அதை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: ‘பைத்தான்3.12 -எம் வென்வ் அலை’. வென்வ் என்றால் ஒரு வேலைக்கென்று தனியாகப் பிரித்த பைத்தான் இடம். (வென்வ் இல்லை என்று சொன்னால் ‘பைத்தான்3.12-வென்வ்’ பேக்கேஜைப் போட்டுக்கொள்ளுங்கள்.) ‘அலை’ என்று ஒரு ஃபோல்டர் உருவாகும். ‘சோர்ஸ் அலை/பின்/ஆக்டிவேட்’ என்றதும் அந்த ஒரு டெர்மினலுக்குள் மட்டும் பைத்தான் என்றால் 3.12. ஜன்னலை மூடினால் முடிந்தது, கணினிக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. புராஜெக்ட் முடிந்து அந்த ஃபோல்டரை அழித்தால் தடயம்கூட இருக்காது. இனி பைத்தானை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) நீங்களே கம்பைல் செய்கிற நாள் வந்தால் கடைசியில் ‘மேக் இன்ஸ்டால்’ போடாமல் ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ போடுங்கள். எண் ஒட்டிய பெயரோடு மட்டும் வைக்கும், வெறும் பைத்தான்3 என்ற பெயரைத் தொடாது.

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு டேட்டா அனலிசிஸ் படிக்கிறேன். டெபியன் 12 போட்டிருக்கிறேன். பைத்தான் லைப்ரரிகளைப் போடுகிற பிப்பிடம் ‘பிப் இன்ஸ்டால்’ என்று எதைக் கொடுத்தாலும் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று மறுக்கிறது. துபாயில் இருக்கும் தம்பி, ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்று சேர்த்து அடி, போய்விடும் என்கிறான். அடிக்கலாமா?

அடிக்காதீர்கள் சகோதரி. அந்தப் பெயரையே ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ‘சிஸ்டம் பேக்கேஜ்களை உடை’. எழுதியவர்கள் யோசித்துத்தான் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

முன்பெல்லாம் இந்தத் தடை இல்லை. ‘சுடோ பிப் இன்ஸ்டால்’ என்று கொடுத்தால் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொள்ளும். பட்டவர்கள் நிறையப் பேர். பிறகு பைத்தான்காரர்கள் ‘பெப் 668’ என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதன்படி, பைத்தான் ஃபோல்டரில் ஒரு அடையாள ஃபைலை வைத்துவிட்டால் பிப் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 2023-ல் வந்த டெபியன் 12-ம் உபுண்டு 23.04-ம் அந்த ஃபைலை வைத்தே வந்தன. உங்களை மறுப்பது அதுதான்.

பட்டவர்களில் நானும் ஒருவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரே ஒரு பக்கம்தான்: அதிகாலை ஏலத்தில் நண்டு என்ன விலை, கணவாய் என்ன விலை, நகரை என்ன விலை என்று ஒரு பையன் போனிலிருந்து ஏற்றுவான், கரையில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். உபுண்டு 20.04. வேறு ஒரு வேலைக்காக அதில் ‘கிரிப்டோகிராஃபி’ என்ற லைப்ரரியின் புதிய பதிப்பை சுடோ போட்டுப் பிப்பால் ஏற்றினேன். என் வேலை நடந்தது, மறந்துவிட்டேன்.

பிப் அதை எங்கே வைத்தது என்பதுதான் விஷயம். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ என்பதற்குள் பைத்தானுக்கென்று இருக்கிற ஃபோல்டரில் வைத்தது. ஏபிடி வைத்திருந்த பழைய பதிப்பு ‘/யூஎஸ்ஆர்/லிப்’ பக்கம் அப்படியே இருந்தது, ஒன்றும் அழியவில்லை. ஆனால் கணினியின் பைத்தான் ஒரு லைப்ரரியைத் தேடும்போது லோக்கல் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். அந்தப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது ‘செர்ட்பாட்’. அது ஏபிடி வழியாக வந்த பைத்தான் கருவி. அதற்குத் துணையாக இருந்த ‘பைஓபன்எஸ்எஸ்எல்’லும் ஏபிடி கொடுத்த பழைய பதிப்பு. பழையது புதிய கிரிப்டோகிராஃபியிடம் போய் ஒரு பெயரைக் கேட்டது. அந்தப் பெயரைப் புதியதில் எடுத்துவிட்டார்கள். ‘ஆட்ரிபியூட் எரர்’. செர்ட்பாட் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை எழுந்து, விழுந்து, லாக் ஃபைலில் எழுதிவிட்டுப் படுத்தது. அந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாள், கடைசி 30 நாளில்தான் புதுப்பிக்க முயலும், ஆக ஒரு மாதத்துக்குக் குறையாமல் அது தினமும் விழுந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலை நான்கரைக்குப் போன் வந்தது. பக்கத்தைத் திறந்தால் ஆபத்து என்று சிவப்பாக வருகிறது, யாரும் விலை பார்க்க முடியவில்லை என்று. அன்றைக்கு விலை தெரியாமல் சரக்கை விட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சரிசெய்தது ஒரே வரி: ‘சுடோ பிப் அன்இன்ஸ்டால் கிரிப்டோகிராஃபி’. மேலே கிடந்தது போனதும் கீழே இருந்த ஏபிடி பதிப்பு தானாகக் கண்ணில் பட்டது.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. நீங்கள் கேட்பது பாண்டாஸ், நம்பை மாதிரிப் பெயர்பெற்ற லைப்ரரி என்றால் முதலில் ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3-பாண்டாஸ்’ என்று பாருங்கள், டெபியனே வைத்திருக்கும், படிப்பதற்கு அது போதும். புதிய பதிப்புதான் வேண்டுமென்றால் பாம்பன் தம்பிக்குச் சொன்ன வென்வ். அதற்குள்ளே பிப் மறுக்காது, தாராளமாகப் போடுங்கள். லைப்ரரியாக இல்லாமல் தனிக் கருவியாக ஓடுகிற ஒன்று என்றால் ‘பிப்எக்ஸ்’ இருக்கிறது, ஒவ்வொரு கருவிக்கும் அதுவே தனி அறை கட்டிக் கொடுத்துவிடும். தம்பியிடமும் சொல்லுங்கள், அவரும் ஏதாவது சர்வரில் இதை அடித்து வைத்திருக்கப் போகிறார்.

ஐயா, மண்டபத்தில் தங்கி ஆராய்ச்சி செய்கிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள கடற்புல் பரப்பை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைகிறேன். பைத்தான் தொகுப்பான அனகோண்டாவும் போட்டிருக்கிறேன். சில வாரமாக கியூஜிஐஎஸ்ஸில் ‘இது வேறொரு பிராஜ் நிறுவலிலிருந்து வந்தது’ என்று பிழை வருகிறது, அச்சரேகை தீர்க்கரேகை மாற்றமெல்லாம் தப்பாகிறது. இதில் வினோதம் என்னவென்றால் மெனுவிலிருந்து திறந்தால் நன்றாக இருக்கிறது, டெர்மினலிலிருந்து திறந்தால்தான் கெடுகிறது.

நீங்கள் வினோதம் என்று சொன்னதிலேயே விடை இருக்கிறது. டெர்மினல் திறக்கும்போது வீட்டு ஃபோல்டரில் இருக்கிற ‘.பாஷ்ஆர்சி’ ஃபைல் ஓடும், மெனுவிலிருந்து திறப்பதற்கு அது ஓடாது. ஆகவே குற்றவாளி அந்த ஃபைலில்தான்.

பிராஜ் என்பது பூமியின் உருண்டையைத் தட்டையான வரைபடமாக மாற்றும் கணக்கைச் செய்கிற லைப்ரரி. அதற்கு ‘பிராஜ்.டிபி’ என்று ஒரு தரவு ஃபைல் உண்டு. உங்கள் கணினியில் இப்போது இரண்டு பிராஜ் இருக்கும், ஏபிடி கொடுத்தது ஒன்று, அனகோண்டா கொண்டுவந்தது ஒன்று. அனகோண்டா தன் பக்கம் திறக்கும்போது ‘பிராஜ்_லிப்’ அல்லது ‘பிராஜ்_டேட்டா’ என்ற சூழல் மாறியில் (டெர்மினல் நினைவில் வைத்து நிரல்களுக்குக் கொடுக்கிற குறிப்பில்) தன் ஃபைலின் முகவரியை எழுதிவைக்கிறது. பிறகு அதே டெர்மினலில் கியூஜிஐஎஸ்ஸைக் கூப்பிட்டால், ஏபிடியின் பிராஜ் போய் அனகோண்டாவின் தரவு ஃபைலைத் திறக்கிறது. பதிப்பு ஒத்துவரவில்லை. ‘எக்கோ $பிராஜ்_லிப்’ என்றும் ‘எக்கோ $பிராஜ்_டேட்டா’ என்றும் அடித்துப் பாருங்கள், அனகோண்டாவின் முகவரி பல்லைக் காட்டும்.

‘கோண்டா கான்ஃபிக் --செட் ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் ஃபால்ஸ்’ என்று ஒரு தடவை கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் கூப்பிட்டால்தான் அனகோண்டா வரும். அந்த மாறிகளை நீங்களே கையால் பாஷ்ஆர்சியில் எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: பிழை வந்த நாட்களில் டெர்மினலிலிருந்து திறந்து செய்த வரைபடங்களை மறுபடி ஒத்துப் பாருங்கள். 21 தீவுகளும் சின்னச் சின்னவை, கொஞ்சம் நகர்ந்தாலும் புல் இருக்கும் இடம் மணலாகிவிடும். அந்தப் புல்லை நம்பி ஆவுளியா என்கிற கடற்பசு இருக்கிறது.

தொண்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். இணையத்திலிருந்து ஃபைல் இறக்குகிற கர்லின் புதிய பதிப்பு வேண்டுமென்று சோர்ஸ் எடுத்து ‘கான்ஃபிகர், மேக், சுடோ மேக் இன்ஸ்டால்’ செய்தேன். அதிலிருந்து, நிரல்களைக் கட்ட உதவுகிற ‘சிமேக்’கை ஓட்டும்போதெல்லாம் ‘லிப்கர்ல்.எஸ்ஓ.4: நோ வெர்ஷன் இன்ஃபர்மேஷன் அவைலபிள்’ என்று வருகிறது. கர்லுக்கும் சிமேக்குக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் லைப்ரரியில். சொல்லாவிட்டால் ‘மேக் இன்ஸ்டால்’ எல்லாவற்றையும் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ கீழ் வைக்கும். அது தப்பான இடமில்லை, கணினியை நிர்வகிப்பவர் தன் கையால் போடுகிற சாமான்களுக்கென்றே ஒதுக்கிய இடம்தான், ஏபிடி அங்கே கை வைக்காது. ஆனால் ஒரு நிரலுக்கு லைப்ரரி தேடிக் கொடுக்கிற வரிசையில் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ முன்னால் நிற்கிறது. சிமேக் கேட்டது டெபியன்காரர்கள் பதிப்பு முத்திரை போட்டுக் கட்டிய லிப்கர்லை. கிடைத்தது நீங்கள் கட்டியது, அதில் முத்திரை இல்லை. இப்போதைக்கு எச்சரித்துவிட்டு ஓடுகிறது, உங்கள் கர்லில் ஏதாவது வசதியை விட்டுக் கட்டியிருந்தால் ஒரு நாள் நின்றுவிடும்.

அந்த சோர்ஸ் ஃபோல்டர் இன்னும் இருக்கிறதா? அதற்குள் போய் ‘சுடோ மேக் அன்இன்ஸ்டால்’, பிறகு ‘சுடோ எல்டிகான்ஃபிக்’. இதற்குப் பிறகும் ‘கர்ல்’ என்று அடித்தால் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/கர்ல் இல்லை’ என்று சொன்னால் பதறாதீர்கள். ஷெல் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கிறது, ‘ஹாஷ் -ஆர்’ என்றால் மறந்துவிடும். ‘டைப் -ஏ கர்ல்’ என்று எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தப் பெயரில் எத்தனை இருக்கிறது, முதலில் எது வரும் என்று வரிசையாகச் சொல்லும். மறுபடி கட்டும்போது கான்ஃபிகர் வரியில் ‘--ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/கர்ல்’ என்றும் ‘--டிஸேபிள்-ஷேர்டு’ என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி இடத்தில் இருக்கும், லைப்ரரியையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், வேறு யாருக்கும் குறுக்கே வராது. வேண்டும்போது முழு முகவரி கொடுத்துக் கூப்பிடுங்கள். சோர்ஸ் ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள், அது போனால் எதை எங்கே வைத்தோம் என்று கையால் தேட வேண்டிவரும்.

அண்ணே, மூக்கையூர். அமாவாசை, பௌர்ணமி, ஏற்றவற்று நேரம் காட்டுகிற மாதிரி பைத்தானில் ஒன்று எழுதி ‘காலண்டர்.பிஒய்’ என்று பெயர் வைத்தேன். அது ஓடுகிறது. ஆனால் அதே ஃபோல்டரில் இருக்கிற என் மற்ற நிரல்கள் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற லைப்ரரியைக் கூப்பிட்டதும் ‘டைம்ஜிஎம்’ இல்லை என்று நின்றுவிடுகின்றன.

பெயரை மாற்றுங்கள் தம்பி, அவ்வளவுதான். ‘ஏற்றவற்று.பிஒய்’ என்றே வையுங்கள், அழகான பெயர். பைத்தானோடு காலண்டர் என்று ஒரு மாட்யூல் ஏற்கெனவே வருகிறது, ரிக்வெஸ்ட்ஸுக்கு உள்ளே அது தேவைப்படுகிறது. ஆனால் நிரல் இருக்கிற ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் தேடும், அங்கே உங்கள் காலண்டர் நிற்கிறது. அந்த ஃபோல்டரை ‘பைத்தான்பாத்’ என்று பாஷ்ஆர்சியில் எழுதி வைத்திருந்தால் அந்த வரியையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் ஓடுகிற கணினியின் பைத்தான் கருவிகளும் உங்கள் ஃபோல்டரில்தான் வந்து தேடும். பெயர் மாற்றிய நிரல் நன்றாக ஓடினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், வாடைக் காலத்தில் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நேரம் எப்படி வித்தியாசப்படுகிறது என்று பார்க்க ஆசை.